உக்கிராணத்துச் சாவி: ஆவிக்குரிய வரங்கள் பற்றிய கேள்வி பதில்

தருமபுரியில் நடந்த வேதபாட வகுப்பின் இறுதி நாளில் துண்டுத்தாள்களில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளுள், சபையின் நன்மைக்காகப் பரிசுத்த ஆவியானவர் தரும் ஆவிக்குரிய வரங்களைப் பற்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். வசனங்களுக்குப் பெரும்பாலும் நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களையே கையாண்டுள்ளேன்.

கேள்வி (பாலக்கோடு, ஒரு சகோதரி): எனக்கு நன்றாகப் பாட வரும், பள்ளி நாள்களிலேயே பரிசுகள் வாங்கியிருக்கிறேன். இது இயற்கையான தாலந்தா, ஆவிக்குரிய வரமா, ஐயா?

பதில்: 'வரம்' என்னும் சொல்லே நம்மைச் சற்றுத் தடுமாற வைக்கிறது, அம்மா. கடுந்தவம் செய்து தெய்வத்திடம் வாங்குவதே வரம் என்று கதைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வரம் தவத்துக்குக் கிடைத்த கூலி, ஆகவே வாங்கியவனுக்கே சொந்தம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'கரிஸ்மா' என்பது. அது கிருபை என்று பொருள்படும் 'காரிஸ்' என்பதிலிருந்து பிறந்தது. அதில் கூலிக்கும் இடமில்லை, சொந்தம் கொண்டாடவும் இடமில்லை. பேதுரு இதை இன்னும் தெளிவாக்குகிறார்: வரம் பெற்றவர்கள் 'நல்ல உக்கிராணக்காரர்போல' ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்கிறார் (1 பேதுரு 4:10). கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவி ஒருவரிடம் இருக்கும். உள்ளே இருக்கும் அரிசியும் பருப்பும் அவருடையவை அல்ல. பந்திக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதே அவர் வேலை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவரை நாம் உக்கிராணக்காரர் என்று சொல்வதில்லை.

உங்கள் குரலும் தேவன் தந்ததே. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில், பொன், வெள்ளி, வெண்கல வேலைகளைச் செய்வதற்காகப் பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று படிக்கிறோம்; ஆகவே கைத்தொழிலையும் இயற்கைத் திறமையையும் ஆவியானவருக்கு அப்பாற்பட்டவையாக எண்ண வேண்டியதில்லை. நான் பார்க்கும் அளவுகோல் வேறு. உங்கள் பாட்டைக் கேட்டுச் சபை சேர்ந்து பாடத் தொடங்கினால் அது வரமாக வேலை செய்கிறது. சபை பாடுவதை நிறுத்திவிட்டு உங்களை ரசிக்கத் தொடங்கினால், அதே குரல் திறமை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி (தருமபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): வரங்கள் ஒன்பது என்றே எங்கள் சபையில் போதிக்கிறார்கள். கைப்பேசியில் வந்த ஒரு வினாத்தாளை நிரப்பியபோது எனக்கு 'ஆளுகை வரம்' இருப்பதாக முடிவு வந்தது. அந்த ஒன்பதில் ஆளுகையே இல்லையே?

பதில்: ஒன்பது என்பது 1 கொரிந்தியர் 12:8-10இல் உள்ள பட்டியலின் எண்ணிக்கை மட்டுமே. அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் ஊழியங்களும் ஆளுகைகளும் சேர்கின்றன. ரோமர் 12:6-8இல் புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், இரக்கஞ்செய்தல் ஆகியவை வருகின்றன. எபேசியர் 4:11இலோ வரம் என்று சொல்லப்படுபவர்கள் ஆட்களே: அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். எந்த இரண்டு பட்டியலும் முழுமையாக ஒத்துப்போவதில்லை என்பதிலிருந்தே, பவுல் கணக்கெடுப்பு நடத்தவில்லை, எடுத்துக்காட்டுகளே சொல்கிறார் என்பது விளங்கும். 'ஆளுகை' என்று நாம் படிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடித்து ஓட்டுவதைக் குறிப்பது. அதிகாரத்தைவிட வழிநடத்துதலே அதன் உட்பொருள்.

வினாத்தாளைப் பொறுத்தவரை, நம்மைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதைத்தான் அது நமக்கே திருப்பிச் சொல்கிறது. சபையில் எந்த வேலை கேட்பாரற்றுக் கிடக்கிறதோ அதில் கை வையுங்கள். ஓராண்டு கழித்து உங்களால் பயன்பெற்றவர்களைக் கேளுங்கள். 'உங்களுக்கு இது வருகிறது' என்று அவர்கள் சொன்னால், அது எந்த மதிப்பெண்ணையும்விட நம்பத்தக்கது.

கேள்வி (ஓசூர், ஓர் இளைஞர்): எங்கள் சபையில் தமிழில் வரும் பிரசங்கத்தை நான் தெலுங்கில் மொழிபெயர்த்துச் சொல்கிறேன். இதுதான் 'பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதல்' என்னும் வரமா?

பதில்: பவுல் அங்கே சொல்வது, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் கற்றலின் வழியாக விளங்காத பாஷையைப் பற்றி. நீங்கள் செய்வதோ வீட்டிலும் சந்தையிலும் கற்ற இரண்டு மொழிகளுக்கிடையே பாலம் போடுவது. எனவே பெயரளவில் அது வேறு. ஆனால் நோக்கத்தைப் பாருங்கள், தம்பி: விளங்காத பதினாயிரம் வார்த்தைகளைவிட விளங்கும் ஐந்து வார்த்தைகளே மேல் என்று அவர் எழுதியது (1 கொரிந்தியர் 14:19) உங்களைப் போன்றவர்களின் வேலையையே உயர்த்துகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூர், தளி வட்டாரத்தில், நீங்கள் நிற்காவிட்டால் பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்குப் பிரசங்கம் வெறும் ஓசைதான்.

கேள்வி (பென்னாகரம், ஒரு சகோதரர்): ஞானஸ்நானம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் அந்நியபாஷை (ஆவியானவர் ஏவப் பேசும், கற்காத பாஷை) வரவில்லை. 'உனக்குள் ஆவியானவர் இல்லை' என்கிறார்கள். மற்றவர்கள் பேசுவதைப் பார்த்து நானும் ஏதாவது சொல்லத் தொடங்கலாமா என்று தோன்றுகிறது.

பதில்: வேண்டாம். இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இருபது வயதில் நானே அதைச் செய்தவன் என்பதுதான். ஓர் உபவாசக் கூடுகையில் சுற்றியிருந்த அனைவரும் பேச, நான் மட்டும் மௌனமாக இருப்பதற்கு வெட்கப்பட்டு, அருகில் கேட்ட ஒலிகளை அப்படியே திருப்பிச் சொன்னேன். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பொய்தான் முதலில் வந்து உட்கார்ந்தது.

பெந்தெகொஸ்தே சபைகள் பல, அப்போஸ்தலர் 2, 10, 19 அதிகாரங்களை ஆதாரமாகக் கொண்டு, அந்நியபாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்று போதிக்கின்றன. அந்த அதிகாரங்களில் அப்படி நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் அது எல்லாருக்கும் உரிய விதியா என்பதில் நான் பவுலின் கேள்வியோடு நிற்கிறேன்: 'எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?' (1 கொரிந்தியர் 12:30). கிரேக்கத்தில் அந்தக் கேள்வி 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டிருக்கிறது. இயேசுவைக் கர்த்தரென்று சொல்லவே பரிசுத்த ஆவி வேண்டும் என்பது அதே அதிகாரத்தின் 3ஆம் வசனம்; அதைச் சொல்லுகிற உங்களை ஆவியற்றவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வரம் கிடைத்தவர்களை ஏளனம் செய்யவும் வேண்டாம். அந்நியபாஷை பேசுவதைத் தடைபண்ணக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும், அர்த்தம் சொல்பவர் இல்லையென்றால் சபையில் அமைதியாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்கும் (1 கொரிந்தியர் 14:27-28) அங்கேயே உள்ளது. இந்த ஒழுங்கை எத்தனை சபைகள் கைக்கொள்கின்றன என்பதை வாசகர்களின் மனச்சாட்சிக்கே விடுகிறேன்.

கேள்வி (ஊத்தங்கரை, ஒரு தாயார்): வெளியூரிலிருந்து வந்த தீர்க்கதரிசி ஒருவர், என் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை தேவசித்தம் அல்ல என்றும், தடை நீங்க ஒரு தொகையை விதையாக விதைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்ன சில செய்திகள் சரியாகவே இருந்தன. பயமாக இருக்கிறது, ஐயா.

பதில்: பயப்படாதீர்கள், அம்மா, அவருடைய வார்த்தையைச் சந்தேகிக்க அந்தப் பயமே முதல் சான்று. சபையில் உரைக்கப்படும் தீர்க்கதரிசனம் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:3). கண்டித்து உணர்த்தும் தீர்க்கதரிசனமும் உண்டுதான்; ஆனால் அது பாவத்தைச் சுட்டிக்காட்டி வழியைத் திறக்கும், காரணம் சொல்லாமல் நடுங்க வைத்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நீட்டாது.

அவர் சொன்னவை சரியாக இருந்தன என்பதைப் பெரிதாக எண்ணாதீர்கள். சொன்ன அடையாளம் பலித்தாலும் அவன் வேறு வழிக்கு இழுத்தால் செவிகொடாதே என்று உபாகமம் 13 எச்சரிக்கிறது. மேலும், கூட்டத்துக்கு முன்பு நாம் எழுதிக் கொடுக்கும் ஜெபக்குறிப்புச் சீட்டுகளிலும், அழைத்து வந்த உறவினரின் வாய்மொழியிலும் ஒரு குடும்பத்தின் பாதிக் கதை அடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

தீர்க்கதரிசி பேசினால் 'மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்' (1 கொரிந்தியர் 14:29), அதாவது ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது கட்டளை. தனியறையில் ஒருவரிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் கேட்காதே என்று தடுப்பவர் இந்தக் கட்டளைக்குத் தப்பி ஓடுகிறார். உங்கள் போதகரும் மூப்பர் இருவரும் இருக்கும்போது அதே வார்த்தையை அவர் சொல்லட்டும். மெய்யான தீர்க்கதரிசனம்கூட நம் தீர்மானத்தைப் பறித்துக்கொள்வதில்லை: எருசலேமில் கைகால் கட்டப்படுவீர் என்று தீர்க்கதரிசி அகபு பவுலுக்கு உரைத்தது நிறைவேறியது, எனினும் போக வேண்டுமா என்பதைப் பவுலே முடிவு செய்தார், உடனிருந்தவர்கள் அழுது தடுத்தும் போனார் (அப்போஸ்தலர் 21). மாப்பிள்ளையின் குணம், வேலை, கடன், குடிப்பழக்கம் ஆகியவற்றை நாலு பேரிடம் விசாரியுங்கள். மகளின் மனத்தைக் கேளுங்கள். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டது (அப்போஸ்தலர் 8:20) வாங்க வந்தவனை மட்டுமல்ல, விற்க வருகிறவனையும் சுடும்.

கேள்வி (காரிமங்கலம், ஒரு மகன்): குணமாக்கும் கூட்டத்தில் ஜெபித்த பிறகு, மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம் என்று சொல்லி, அம்மா சர்க்கரை மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்ன சொல்லித் திருத்துவது?

பதில்: இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தம்பி, வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயோ சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று அம்மா சொல்வதை நம்ப வேண்டாம்.

நான் குணமாகுதலை மறுப்பவன் அல்லன். ஆனால் குணமாக்கும் வரம் பெற்றிருந்த பவுலே, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தம் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டியும் 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதிலையே பெற்றார். இவர்களுள் யாரையும் அவிசுவாசி என்று அவர் சொல்லவில்லை. யாக்கோபு 5:14 சபையின் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருந்தை எறியச் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 12:9இன் மூலத்தில் 'குணமாக்கும் வரங்கள்' என்று பன்மையில் இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: ஒருவர் எல்லா நோயையும் எல்லா நேரத்திலும் தீர்க்கும் அதிகாரம் அல்ல, ஒவ்வொரு குணமும் தனித்தனியே வரும் கொடை.

மெய்யாகவே குணமாகியிருந்தால் பரிசோதனை அதைக் காட்டும். தாம் சுத்தமாக்கிய குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னவர் இயேசு. மருத்துவர் பார்த்து அளவைக் குறைத்தால் அதையும் சாட்சியாகச் சொல்லலாம். தொலைவுதான் தடையென்றால், 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி (கோவிலூர், கத்தோலிக்க அன்பர்): எங்களுக்கு உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனத்தின்போது ஏழு கொடைகள் என்று கற்பித்தார்கள். நீங்கள் சொல்வது வேறாக இருக்கிறதே?

பதில்: இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. ஞானம், திடம், பக்தி, தெய்வபயம் முதலான ஏழும் ஏசாயா 11இலிருந்து பெறப்பட்டவை; எபிரேய மூலத்தில் ஆறே உள்ளன, கிரேக்க மொழிபெயர்ப்பில் பக்தி சேர்ந்ததால் ஏழாயிற்று. அவை ஒருவரை உள்ளே உருவாக்குபவை. கொரிந்தியர் நிருபத்தில் உள்ளவை மற்றவர்களுக்காகக் கொடுக்கப்படுபவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 12ஆம் பிரிவில், இந்த இரண்டாம் வகைக் கொடைகளும் எல்லா நிலையினருக்கும் அளிக்கப்படுகின்றன என்று உங்கள் திருச்சபையே கூறியிருக்கிறது.

கேள்வி (கிருஷ்ணகிரி, லுத்தரன் சபை உறுப்பினர்): 1895இல் மிஷனரி நேத்தர் இவ்வூரில் தொடங்கிய பணியின் வழிவந்தவர்கள் நாங்கள். அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்றே என் தாத்தா சொல்வார். அது சரியா?

பதில்: உங்கள் தாத்தா தனியாக இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சபைத் தந்தை கிறிசொஸ்தோம் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தை விளக்கும்போது, அக்காலத்தில் நடந்தவை இப்போது நடவாமையால் இப்பகுதி மிகவும் மங்கலாக இருக்கிறது என்றார். இன்னொரு சபைத் தந்தையான அகுஸ்தீனும் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படியே எழுதி, பின்னர் தம் ஊரிலேயே நிகழ்ந்த குணமாகுதல்களைக் கண்டு, 'தேவனுடைய நகரம்' நூலின் 22ஆம் பகுதியில் அவற்றை வரிசையாகப் பதிந்தார். தமிழ்நாட்டில் 1860இல், ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தின்கீழ் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் கருதும் லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல்தான். 'நிறைவானது வரும்போது' குறைவானது ஒழிந்துபோகும் என்ற வசனத்தை (1 கொரிந்தியர் 13:10) வேதாகமம் முடிவுபெற்றதைக் குறிப்பதாகச் சிலர் கொள்கிறார்கள். 12ஆம் வசனத்தில் வரும் 'முகமுகமாய்' என்ற சொல்லோடு அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆனால் தாத்தாவின் எச்சரிக்கை உணர்வை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் சபைக்குத் தேவைப்படும்.

கேள்வி (அரூர், ஒரு மூப்பர்): எங்கள் சபையில் முப்பது குடும்பங்களே. பிரசங்கம், பாட்டு, வீடு சந்திப்பு, கணக்கு எல்லாவற்றையும் போதகரே செய்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரங்களைப் பற்றி இன்னொரு கூட்டம் போட்டுத் தொடங்காதீர்கள், ஐயா. போதகரின் ஒரு வாரத்தை அப்படியே எழுதி வாங்குங்கள். அதில் ஜெபமும் போதனையும் அல்லாதவற்றை ஒவ்வொன்றாக இன்னொருவர் கைக்கு மாற்றுங்கள். பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரை எருசலேம் சபை தெரிந்தெடுத்ததும் (அப்போஸ்தலர் 6) இதே நெருக்கடியில்தான். பெண்களை விட்டுவிடாதீர்கள்: யோப்பாவில் தொற்காள் தைத்த அங்கிகளை விதவைகள் காட்டி அழுதார்கள், பிலிப்புவின் குமாரத்திகள் நால்வர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மாங்கூழ் ஆலைக்கும் ஓசூர்த் தொழிற்சாலைக்கும் போய் வருகிறவர்களுக்கு ஞாயிறு தவிர நேரம் இராது. அவர்களுக்கு அதற்கேற்ற வேலையைக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, எது தமக்குப் பொருந்தவில்லை என்று ஒவ்வொருவரும் வெட்கமின்றிச் சொல்லி மாற்றிக்கொள்ள இடம் வையுங்கள். காணிக்கைக் கணக்கை மட்டும் எவ்வளவு வரம் பெற்றவராயினும் ஒருவரிடம் விடாமல், எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடும்படி செய்யுங்கள்.