வாசகர் கேள்வி பதில்: விக்கிப்பீடியா சண்டைக்கு ஒரு கணக்கு

கேள்வி (கீழக்கரையிலேர்ந்து கல்லூரி மாணவர்): அக்கா, விக்கிப்பீடியாவுல ஊர்ப்பட்ட பேரு சம்பளமில்லாம எழுதுறாங்க, ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் வந்து அழிக்கிறாரு. இதுக்குக்கூட கணித மாடல் இருக்குன்னு வகுப்புல சொன்னாங்க. மனுசனுக்கு எப்ப கோவம் வரும்னு ஈக்குவேஷன்ல எழுத முடியுமா?

பதில்: தனி ஆளு நாளைக்கு என்ன செய்வாருன்னு எந்தக் கணக்கும் சொல்லாது தம்பி, ஆனா நூறு பேர் ஒரே பக்கத்துல கை வச்சா அந்தக் கூட்டம் எப்படிப் போகும்னு ஓரளவு சொல்ல முடியுது. 2013ல யானோஷ் கெர்டேஸ், தாஹா யாசேரி இவங்கெல்லாம் இருந்த ஆராய்ச்சிக் குழு ஒரு மாடல் போட்டாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அது.

நம்ம கரை விஷயத்தையே வச்சுப் பாப்போம். இழுவலை, அதான் விசைப்படகுல கட்டி கடலடியை வாரி இழுக்கிற வலை, அது பத்தி ஒரு கட்டுரை இருக்குன்னு வையுங்க. கருத்தை 0லேர்ந்து 1 வரைக்கும் ஒரு அளவுகோல்ல குறிப்போம். இழுவலை கடலையே அழிச்சிடுச்சுன்னு சொல்ற நாட்டுப்படகுக்காரர் 0 பக்கம், விசைப்படகு இல்லன்னா ஊரே இல்லைன்னு சொல்றவரு 1 பக்கம், கட்டுரை இப்ப 0.5ல நிக்குது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு, அது 0.2ன்னு வச்சுக்குவோம். கட்டுரைக்கும் உங்க கருத்துக்கும் இடைவெளி அதுக்குள்ள இருந்தா நீங்க எடிட் பண்ண மாட்டீங்க, படிச்சிட்டு உங்க மனசுதான் கட்டுரை பக்கம் கொஞ்சம் நகரும். எல்லையைத் தாண்டுனா நீங்க கட்டுரையை உங்க பக்கம் இழுப்பீங்க. மாடல்ல முக்கியமான விதி இதுதான், கூடவே ஆளுக்காளு பேசிக்கிறதுக்கும் இதே மாதிரி ஒரு எல்லை இருக்கும்.

இப்ப 0.1ல இருக்கிறவரு வர்றாரு, இடைவெளி 0.4, கோவத்துல கட்டுரையை 0.4க்கு இழுத்துட்டுப் போறாரு. இவ்வளவு நேரம் 0.25ல நின்னு முறைச்சுக்கிட்டு இருந்த ஒருத்தருக்கு இப்ப இடைவெளி 0.15தான், அவரு சமாதானமாகி 0.3க்கு நகர்றாரு. அப்புறம் எதிர்ப் பக்கத்துக்காரர் வந்து கட்டுரையை மறுபடி 0.5க்கு இழுத்தாலும் இவருக்கு இடைவெளி 0.2, தாங்கிக்குவாரு. கட்டுரை ஆடுற ஆட்டத்துலயே ஓரத்துல நிக்கிறவங்க ஒவ்வொருத்தரா உள்ள வர்றாங்க பாருங்க. பிரான்ஸ்ல டெஃப்வான்ட் குழு 2000ல போட்ட மாடல்ல பொதுவான கட்டுரைன்னு ஒண்ணு கிடையாது, வெறும் பேச்சுதான், அதுல பொறுமை கம்மியா இருந்தா ஆளுங்க தனித்தனி கும்பலா பிரிஞ்சு அப்படியே நின்னுடுவாங்க. ஒரே பக்கத்துல எழுதியாகணும்ங்கிற கட்டாயம் வந்தா எழுதுறவங்க மாறாத வரைக்கும் என்னைக்காவது ஒத்துப்போயிடுறாங்க, அதுக்குப் பிடிக்கிற நேரம் மட்டும் சில சமயம் நினைச்சுப் பாக்க முடியாத நீளம். கரையில நின்னு கரவலை இழுக்கிற மாதிரின்னு எனக்குத் தோணும், ரெண்டு கயித்துலயும் ஆளுங்க தள்ளித்தள்ளி நின்னு இழுத்தாலும் வலை ஒண்ணுதானே.

ஆனா நிஜத்துல பழையவங்க போவாங்க, புதுசா ஆளு வரும், வர்றவங்க அவங்கவங்க கருத்தோட வருவாங்க. அந்த வரத்து கம்மியா இருந்தா சமாதானமும் நடுநடுவுல சண்டையும், வரத்து கூடிப்போனா ஓயாத சண்டை. அடங்கிப்போன கட்டுரை திடீர்னு கொதிக்கிறதுக்கு மாடல் சொல்ற காரணம் இதுதான்.

கேள்வி (மண்டபத்துலேர்ந்து வாசகி): எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. பாசி மறுபடி வளர இடைவெளி விட்டுத்தான் எடுப்பாங்கன்னு விக்கிப்பீடியாவுல சேர்த்தேன், பத்து நிமிஷத்துல தூக்கிட்டாங்க. இதுக்குப் பேரும் சண்டையா அக்கா?

பதில்: இல்லம்மா. யாசேரி குழு சண்டையை அளக்குறதுக்கு ஒரு அளவுகோல் வச்சாங்க, ஒருத்தரை ஒருத்தர் மாத்தி மாத்தி ரிவர்ட் பண்ணுன, அதாவது மத்தவர் எழுதுனதைத் தூக்கிப் பழையபடி ஆக்குன ஜோடிகளை மட்டும் எடுத்து, அந்த ரெண்டு பேர்ல அந்தக் கட்டுரையில கம்மியா எடிட் பண்ணுனவரு எத்தனை எடிட் பண்ணிருக்காரோ அதைத்தான் எடையா வைப்பாங்க. உங்களுக்கு ஒரு எடிட், திருப்பியும் ரிவர்ட் பண்ணல, அதனால அந்தக் கணக்குல நீங்க வரவே மாட்டீங்க.

ஆனா உங்க வருத்தம் கணக்குல வராதுன்னாலும் நிஜம். ஆங்கில விக்கிப்பீடியாவுல எழுதுறவங்க எண்ணிக்கை 2007 வாக்குல உச்சத்துக்குப் போயி அப்புறம் இறங்குச்சு, புதுசா வர்றவங்க எழுதுனதை சட்டுசட்டுனு தூக்குறது அதுக்கு முக்கியமான காரணம்னு ஆராய்ச்சியில சொல்லிருக்காங்க. நீங்க விட்டுடாதீங்க, நம்ம கரையில பெண்டுக தண்ணிக்குள்ள முங்கிக் கத்துக்கிட்டது எவ்வளவோ எங்கயுமே அச்சாகல, எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. அம்மா சொன்னாங்கன்னு போட்டா அங்க செல்லாது, அச்சான ஆதாரம் வேணும். உங்க ஊர்லயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அவங்க கடல்பாசி பத்தி வெளியிட்டதுல தேடுங்க, பத்திரிகைச் செய்தியும் ஆகும். அதை மேற்கோளா வச்சு, நேரா கட்டுரையில போடாம முதல்ல அந்தக் கட்டுரையோட கூடவே இருக்கிற உரையாடல் பக்கத்துல எழுதுங்க.

கேள்வி (தொண்டி வாசகர்): சில கட்டுரை மட்டும் நீண்டுக்கிட்டே போகுது, எங்க ஊர் கட்டுரை சின்னதாவே கிடக்கே, ஏன்?

பதில்: எடிட் நடந்த இடத்துலதான் மேல மேல எடிட் நடக்கும். ஒரு வல்லத்துக்கு மீன் பட்டா மத்த வல்லமெல்லாம் அங்கதானே திரும்பும், அதே கதை. 2007ல வில்கின்சன், ஹூபர்மேன்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, இருக்கிற எடிட்டோட அளவுக்குத் தகுந்த மாதிரிதான் புது எடிட் விழுதுன்னு ஒரு எளிய மாடல் வச்சாங்க, அதுலேர்ந்து வர்ற பரவல் நிஜத் தரவோட நல்லாவே ஒத்துப்போச்சு. கொஞ்சக் கட்டுரைக்கு ஏராளமான எடிட், பெரும்பாலான கட்டுரைக்கு கொஞ்சம்தான். தொண்டி துறைமுகத்தைப் பத்தி ஆதாரத்தோட ரெண்டு வரி நீங்க போட்டுப் பாருங்க, ஒரு மாசம் கழிச்சு அந்தக் கட்டுரையோட எடிட் வரலாறுப் பக்கத்தைத் திறந்து யாரு வந்துட்டுப் போயிருக்காங்கன்னு எனக்கு எழுதுங்க.