கிளினிக் மூடிய பிறகு வரும் போன்களை எப்படிச் சமாளிப்பது?

இரவு ஒன்பதுக்குக் கிளினிக்கை மூடினாலும் டாக்டரின் போன் நள்ளிரவு வரை அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டாக்டரின் சொந்த நம்பரை மருந்துச் சீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கிளினிக்குக்கென்று தனி சிம் வாங்கி, அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் முறை வைத்து எடுக்கட்டும். எடுத்தவர் ஊர், பேர் விசாரிக்கும் முன் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவு தப்புதல், வாய் கோணல், நிற்காத ரத்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒன்று இருந்தாலும் "108-க்கு இப்பவே கூப்பிடுங்க", அவ்வளவுதான், டாக்டரை எழுப்பிக் கேட்கிறேன் என்று அஞ்சு நிமிஷம் வீணாக்கக் கூடாது.

அடுத்து, குழந்தைக் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். பெரிய குழந்தை என்றால் "பாராசிட்டமால் எத்தனை மில்லி?" என்பார்கள். இங்கேதான் பலரும் சறுக்குவது: அந்த சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. அதனால் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள், எடையையும் கேளுங்கள், அளவை டாக்டர் சொல்லட்டும். நர்ஸ் தானாக மருந்து சொல்லவே கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு. நேரம், நம்பர், சொன்னது என்ன என்று ஒரு வரி. 2020-இல் வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பது) வழிகாட்டுதலும் டாக்டர் பதிவு வைக்கச் சொல்கிறது. ரிப்போர்ட், அப்பாயின்ட்மென்ட் கேட்பவர்களுக்கு "காலையில கூப்பிடுங்க" போதும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.