கடைசிப் பையனை இரண்டாவதாக நிறுத்துங்கள்

கேள்வி: ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் சாரணர் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். ஒக்டோபரில் அப்புத்தளைப் பக்கம் இரண்டு நாள் மலைநடைப் போட்டி. முதல் நாள் 14 கிலோமீற்றர், ஏற்றம் மட்டும் 600 மீற்றர். 12 முதல் 15 வயது வரை எட்டுப் பையன்கள். அணி முழுதும் வந்த பிறகுதான் நேரம் குறிப்பார்கள். போன வருஷம் பெரியவர்கள் முன்னால் ஓட, சின்னவர்கள் இருவர் பின்தங்கி, கடைசியாக வந்தோம். என்ன பயிற்சி கொடுப்பது?

பதில்: பயிற்சி இருக்கட்டும், முதலில் வரிசையை மாற்றுங்கள். முன்னால் ஓடியவர்கள் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் உச்சியில் உட்கார்ந்து காத்திருந்தே போயிருக்கும். மெதுவாக நடக்கும் பையன் அணித்தலைவருக்கு அடுத்து வரட்டும். பலசாலி கடைசியில். பின்னால் வருபவனின் மூச்சைக் கேட்டு அணித்தலைவர் நடக்க வேண்டும். அவனால் பேச முடியவில்லையா, வேகம் கூடிவிட்டது. கொழுந்துக் கூடையோடு மலையேறும் அம்மாமார் எப்படி நடக்கிறார்கள் என்று பையன்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்: சின்னச் சின்ன அடி, ஆனால் நிற்பது குறைவு.

நேரம் போவது நடையில் அல்ல, நிற்பதில்தான். ஒருவன் சப்பாத்து நாடா கட்டுவான், அவன் முடித்ததும் இன்னொருவன் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவான். எட்டுப் பேரும் நாலு நாலு நிமிடம் தனித்தனியாக நிறுத்தினால் அரை மணித்தியாலம் காலி. ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். மழைக்கோட்டு பையின் மேலேயே இருக்கட்டும். அடியில் வைத்தவன் நடுப்பாதையில் முழுப் பையையும் கொட்டித் தேடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பைகளைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 40 கிலோ பையனுக்கு 6, 7 கிலோ போதும். ஒருமுறை எங்கள் அணியின் ஆகச் சின்னவன் பையிலிருந்து மூன்று டின்மீனும் கண்ணாடி ஜாம் போத்தலும் வந்தன. அம்மா வைத்ததாம், என்ன சொல்ல! கூடாரமும் சமையல் சட்டியும் பெரியவர்கள் தோளுக்கு.

இனிக் கணக்கு. ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்னது இன்றும் உதவும்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொன்று. உங்கள் பாதைக்கு 3 மணி 48 நிமிடம் வருகிறது. பையோடு போகும் பிள்ளைகளுக்குப் பாதி கூட்டுங்கள், ஏறக்குறைய 5 மணி 45 நிமிடம். ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை வழக்கம், மலைமுகட்டில் அதில் மாட்டக்கூடாது. நேரத்தை நீங்களே தெரிவு செய்யலாம் என்றால் காலை 6 மணிக்குக் கிளம்புங்கள், மத்தியானத்துக்குள் முடியும்.

அட்டைக்காக நிற்காதீர்கள். காலுறையில் சவர்க்காரம் தேய்த்தால் ஓரளவு குறையும். கடித்ததை முகாமில் பார்த்துக்கொள்ளலாம். குளவிதான் ஆபத்து. வாசனை ஸ்பிரே அடித்துக்கொண்டு வருபவனை அன்றைக்கு மட்டும் கண்டியுங்கள். கூடு கலைந்தால் கையால் விசிறக்கூடாது, முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். கொட்டிய பிறகு மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்தால் போட்டியை மறந்துவிட்டு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று சொல்ல ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், ரயில் பாதை. இதல்கஸ்ஹின்னப் பக்கம் குறுக்குவழியாகத் தோன்றும், ஆனால் சுரங்கத்துக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. எத்தனை புள்ளி போனாலும் வேண்டாம்.

இரண்டாம் நாள் பாதங்களின் நாள். குதிகால் சூடாக உரசுகிறது என்று முதல் நாளே ஒருவன் சொன்னால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அங்கேயே பிளாஸ்டர் ஒட்டுங்கள். அந்த ஒரு தரிப்பை மட்டும் நேர விரயம் என்று நினைக்காதீர்கள். புதுச் சப்பாத்தோடு வருகிறவனை இப்போதிருந்தே அதோடு பாடசாலைக்கு நடந்து வரச் சொல்லுங்கள்.