கொல்லைப்புறக் கோழிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வெயிலைப் பற்றியவை, மீதி வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறேன். கோழியின் வயது, எச்சத்தின் நிறம், கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி, இந்த மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். இந்த முறையும் கேட்கிறேன்.

மொட்டை மாடியில் நான்கு பெட்டைக்கோழிகள் வைத்திருக்கிறோம். சேவல் இல்லாமல் முட்டை போடுமா? (தாம்பரம்)

போடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். மாடியில் வெறும் சிமெண்ட் தரையில் விடாதீர்கள், சித்திரை வெயிலில் காலைப் பொசுக்கிவிடும். ஒரு மூலையில் ஓலையோ பச்சை வலையோ கட்டி நிழல் கொடுங்கள். நாலைந்து சட்டி மண் கொட்டினால் புரண்டு குளிக்கவும் இடமாகும்.

என் கோழி இரண்டு நாளாக மந்தமாக இருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? (மதுரை)

எந்தக் கோழி? எத்தனை மாதம்? எச்சம் பச்சையா, வெள்ளையா, இரத்தம் கலந்ததா? கொண்டை சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா? காலையில் இரைப்பை காலியாக இருந்ததா, கல் மாதிரி கட்டிக்கொண்டிருந்ததா? ஒன்றும் எழுதவில்லை. குடற்புழு இருந்தாலும் கோழி மந்தமாகத்தான் நிற்கும், இரத்தக் கழிச்சலிலும் அப்படித்தான், முட்டை உள்ளே மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். "மந்தம்" என்ற ஒரு சொல்லை வைத்து மருந்து சொன்னால் உங்கள் கோழிக்கு நான் செய்யும் துரோகம் அது.

இப்போதைக்கு மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான கூடையில் தண்ணீரோடு வையுங்கள். எச்சத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு வாரமாகக் கோழி முட்டைக் கூடையை விட்டு இறங்குவதே இல்லை. கையை நீட்டினால் உறுமுகிறது. நோயா? (பொள்ளாச்சி)

நோயில்லை அம்மா, அடை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு. குஞ்சு வேண்டுமானால் சேவல் சேர்ந்த முட்டைகளாக, ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாதவையாக, பத்து முட்டை வையுங்கள். பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி இனமானால் பன்னிரண்டு தாங்கும். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நரம்போடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். கடைசி மூன்று நாள் முட்டையைத் தொடாதீர்கள், ஆர்வம் தாங்காமல் தூக்கிப் பார்க்கவும் கூடாது. நாளுக்கு ஒரு தடவை கோழி இறங்கித் தின்றுவிட்டு, பெரிதாக எச்சமிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பிப் போகும். அதற்குத் தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குஞ்சு வேண்டாமென்றால் அடை தெளிய வைக்கலாம். அடிப்பக்கம் கம்பி வலையாக உள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் தானாகத் தெளியும். மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அது கோழிக்குக் கொடுமை, புண்ணாகிச் சீழ் வைக்கும். தண்ணீர்த் தொட்டியில் முக்குவதும் வேண்டாம்.

ஓடே இல்லாமல் தோல்முட்டையாக விழுகிறது. (திருவண்ணாமலை)

புதிதாக முட்டைக்கு வந்த கோழியானால் முதல் ஓரிரு முட்டை அப்படி விழும், பயப்பட வேண்டாம். தொடர்ந்து விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் போகிறது. வெறும் அரிசியிலும் சோளத்திலும் அது கிடைக்காது. கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். ஆனால் காயவைத்து நன்றாகப் பொடித்துக் கொடுங்கள். ஓட்டின் உருவம் தெரிகிற மாதிரி போட்டால் தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். கோடையில் ஓடு மெலிவதற்கு வெயிலும் ஒரு காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

சிவப்பு முட்டையில் சத்து அதிகமா? (சென்னை)

இல்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்து தீனியைப் பொறுத்தது.

பத்துக் கோழியில் மூன்று செத்துவிட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. மீதியுள்ளவை இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையாவது இந்த வாரச் சந்தையில் தள்ளிவிடலாமா? (திருச்செங்கோடு)

தள்ளக் கூடாது. நீங்கள் கேட்டாவது எழுதினீர்கள், அதற்கு நன்றி. கேட்காமலே சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சலுக்கு உரியவை. புத்தகத்தில் இராணிக்கெட் நோய் என்று போட்டிருக்கும். 1920களில் இமயமலையில் இராணிக்கெட் என்ற ஊரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. உடம்பில் நுழைந்து அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால்தான் மீதி ஏழும் உங்கள் கண்ணுக்கு நன்றாக இருக்கின்றன. சந்தையில் கூடைக்குள் நூறு கோழிகளோடு அவை மூச்சு விடும், எச்சமிடும். சாயங்காலம் அந்த நூறும் நூறு ஊருக்குப் போகும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடம் இருக்கும். சந்தையில் ஒரு ஜோடி பெருவிடை வாங்கினேன், நல்ல உயரம், பளபளவென்று இறகு. "போன வாரம்தான் தடுப்பூசி போட்டேன்" என்றார் விற்றவர். அன்று வேறு வேலை இருந்தது. தனியாக அடைக்காமல் நேராகக் கூட்டத்தோடு விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அந்தப் பெட்டை சிறகைத் தொங்கப் போட்டு நின்றது. பத்து நாளில் முப்பத்து நாலில் ஆறுதான் மிஞ்சின. தடுப்பூசிக்கு நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இளங்கோழிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. கருவாச்சி என்று ஒரு கிழக்கோழி, ஏழு வருடம் எங்கள் வாசலில் குஞ்சு இழுத்துக்கொண்டு திரிந்தது, அதுவும் போய்விட்டது. விற்றவர் வீட்டில் அதற்கு முன்பே சாவு தொடங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. நட்டத்தைக் குறைக்கத்தான் அவர் வந்தார். நட்டம் குறையவில்லை, என் வீட்டுக்கும் எனக்குத் தெரியாத எத்தனையோ வீடுகளுக்கும் போனது.

பத்துக் கோழி வைத்திருக்கும் அம்மாவுக்கு அதுதான் சேமிப்பு, பள்ளிக்கூடப் பணம் அதிலிருந்துதான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோழியை வாங்குகிறவரும் அப்படி ஓர் அம்மாதான்.

சரி, இப்போது என்ன செய்வது? நோயுற்றவற்றைத் தனியே பிரியுங்கள். முதலில் நல்லவற்றுக்குத் தீனி வையுங்கள், அப்புறம்தான் நோயுற்றவற்றிடம் போக வேண்டும், திரும்பி வரும்போது கைகால் கழுவ வேண்டும். செத்ததைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். நாய் இழுத்துப் போய் அடுத்த தெருவில் போடும். மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அப்புறம் மண். இன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் தகவல் சொல்லுங்கள். திடீரென்று கூட்டமாகச் சாவது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அதை மருத்துவர்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். நோய் புகுந்த வீட்டில் மீதிக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்கள் தெருவில் கோழி வைத்திருப்பவர்களிடம் வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு கூட்டைக் கழுவி, வெள்ளையடித்து, இரண்டு மாதமாவது சும்மா போடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த எந்தக் கோழியானாலும் மூன்று வாரம் தனியாக இருக்கட்டும். சொந்தக்காரர் கொடுத்ததானாலும் அப்படித்தான்.

சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறேன். அப்படியானால் தடுப்பூசி வேண்டாம்தானே? (தேனி)

வேண்டும். அரைத்துக் கொடுங்கள், கெடுதலில்லை. வெள்ளைக்கழிச்சலைத் தடுப்பது தடுப்பூசிதான். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணில் ஒன்று மூக்கில் ஒன்று. நான்கு வாரத்தில் மறுபடியும் லசோட்டா, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. அப்புறம் வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது, விடாமல் கொண்டுபோங்கள். ஐந்து குஞ்சுக்கு நூறு கோழிக்கான குப்பி வாங்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸோடு கொண்டுவாருங்கள், கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். சட்டைப் பையில் வெயிலில் கொண்டுவந்து போட்டுவிட்டு "ஊசி போட்டும் செத்துவிட்டது" என்று எழுதாதீர்கள்.

திருவிழாவில் பையன் அழுதான் என்று பச்சையும் ரோஸுமாக நான்கு குஞ்சுகள் வாங்கினோம். மூன்று செத்துவிட்டன. (கும்பகோணம்)

அவை முட்டைப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள். சாயத்தில் முக்கி, தாய்ச்சூடு இல்லாமல், பட்டினியோடு தெருத்தெருவாக வருகின்றன. மிஞ்சியதை அட்டைப் பெட்டியில் அறுபது வாட் குண்டு பல்பின் கீழ் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போகும், போதாவிட்டால் பல்புக்கு அடியில் ஒண்டும், அதைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். உடைத்த கம்பும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் போதும். அடுத்த திருவிழாவில் பையன் அழட்டும், வாங்கித் தராதீர்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பரு. கண் திறக்க முடியவில்லை. (விழுப்புரம்)

கோழி அம்மை. கொசு பரப்பும். பருக்களைப் பிய்க்காதீர்கள், பொருக்கிலும் கிருமி இருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள், கண்ணுக்குள் படாமல். கண் மூடிய கோழிக்குத் தீனி தெரியாது, பட்டினியில்தான் பாதி சாகும். கையில் எடுத்து ஊட்டுங்கள். மூன்று வாரத்தில் பொருக்கு உதிரும். வாய்க்குள் புண் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மற்ற கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

சேவல் மூன்று மணிக்கே கூவுகிறது, பக்கத்து வீட்டில் சண்டை. கூடையைப் போட்டு மூடினால் நிற்குமா? (கோயம்புத்தூர்)

நிற்காது. வெளிச்சம் பார்த்து மட்டும் சேவல் கூவுவதில்லை, நேரத்தை உடம்பே அறியும். 2013இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தினர் மாறாத மங்கிய வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தும் விடியும் நேரம் வந்ததும் கூவியிருக்கின்றன. நெருக்கமான தெருவில் சேவலைக் கிராமத்துச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், பெட்டைகள் போதும்.

மத்தியானத்தில் வாயைப் பிளந்து, சிறகை விரித்து நிற்கின்றன. முட்டையும் குறைந்துவிட்டது. (வேலூர் மற்றும் பலர்)

கோழிக்கு வேர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இப்படி இரைக்கும்போது ஓட்டுக்கு வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் குறைகிறது, தீனியும் எடுக்காது. முட்டை குறைவதும் ஓடு மெலிவதும் அதனால்தான். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி கோடையில் அரை லிட்டர் கேட்கும். மண்சட்டியில், நிழலில், மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மாற்றுங்கள். நீர்மோர் ஒரு வேளை கொடுக்கலாம். தீனியை விடியற்காலையும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். மதியம் கூட்டுக்குள் அடைக்கவே அடைக்காதீர்கள்.

தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. ஐந்து நாள் குஞ்சுகள் ஆறு. இன்னொரு கோழிக்கு நேற்றுத்தான் பொரித்தது. அதனிடம் விட்டால் ஏற்றுக்கொள்ளுமா? (ஒட்டன்சத்திரம்)

பகலில் விட்டால் கொத்தும். நன்றாக இருட்டிய பிறகு, விளக்குப் போடாமல், ஒவ்வொன்றாக அதன் சிறகுக்கடியில் நழுவ விடுங்கள். விடிவதற்குள் எழுந்து பக்கத்தில் இருங்கள். இறக்கை தாழ்த்திக் கூப்பிட்டால் சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். பெரிய குஞ்சுகளை மட்டும் தேடித் தேடிக் கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள், பெட்டியும் பல்பும் இருக்கவே இருக்கிறது. நாளையோடு அவற்றுக்கு ஆறு நாள், மறுநாள் லசோட்டா. மறந்துவிடாதீர்கள்.