வெட்டி வெட்டிப் போகும் கார்: த்ராட்டில் சென்சார்தான் காரணமா?

கேள்வி: என்னிடம் 2007-ஆம் ஆண்டு ஆல்ட்டோ பெட்ரோல் கார் உள்ளது. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வெட்டி வெட்டிப் போகிறது. அழுத்தி மிதித்தால் நன்றாகவே ஓடுகிறது. சிக்னலில் நின்றால் சில நேரம் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பிளக் மாற்றியும், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தும் பயனில்லை. கோளாறு இருந்தால் டேஷ்போர்டில் எரியும் செக் லைட்டும் எரியவில்லை. த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் போய்விட்டது என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதல் மெக்கானிக்கின் ஊகம் பொருந்துகிறது. ஆனாலும் அவர் அளந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை என்பதால், பொருளை வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இசிஎம் பற்றிய பேச்சை அதுவரை தள்ளி வையுங்கள்.

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடுதான் த்ராட்டில். அதைக் கேபிள் இழுத்துத் திறக்கும் உங்கள் காரில், த்ராட்டில் தண்டின் ஓரத்தில் இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிதான் இந்தச் சென்சார்; த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இசிஎம்முக்குச் சிக்னல் அனுப்புவது இதன் வேலை. அதனுள் ஒரு கரித்தடமும், தண்டு திரும்பும்போது அந்தத் தடத்தின் மேல் உரசிச் செல்லும் ஒரு தொடுமுனையும் உள்ளன. நாம் வண்டியை ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி ஆக்சிலரேட்டர் லேசாகவே மிதிபடுவதால், தடத்தின் தொடக்கப் பகுதிதான் முதலில் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் தொடுமுனை நிற்கும்போது சிக்னல் ஒரு கணம் விழுந்து மீண்டும் எழுகிறது. ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார் என்று நினைத்து இசிஎம் பெட்ரோலைக் குறைக்கிறது. அடுத்த கணமே அவர் வேகமாக மிதித்ததாகக் கருதிக் கூடுதலாக ஊற்றுகிறது. நீங்கள் உணரும் வெட்டு அதுதான். அழுத்தி மிதித்தால் தொடுமுனை தேயாத பகுதிக்குப் போய்விடுவதால் குறை மறைந்துவிடுகிறது. பிளக் ஒயர், காயில் போன்றவற்றில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, பாரம் ஏறும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான் மிஸ்ஸிங் அடிக்கும்.

இனி அளக்கும் முறை. சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் விடுங்கள். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் மேலுறையைக் குத்தி அளப்பவர்கள் உண்டு, அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி ஒரு மழைக்காலத்திலேயே செம்பு பச்சை பிடித்துவிடும். மூன்று ஒயர்களில் ஒன்றில் 5 வோல்ட் இருக்க வேண்டும், ஒன்று எர்த், மற்றது சிக்னல். 5 வோல்ட்டே வரவில்லை என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. அப்போது, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் திரும்புகிறதா என்று பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட் இணைப்பு என்பதால், மேப் சென்சார் ஷார்ட் ஆகி இதையும் இழுத்து வைத்திருக்கலாம். எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும்.

சிக்னல் ஒயரில் த்ராட்டில் மூடிய நிலையில் பெரும்பாலும் 0.5 முதல் 1 வோல்ட் வரையும், முழுவதும் திறந்த நிலையில் 4 வோல்ட்டுக்கு மேலும் வர வேண்டும்; சரியான அளவு காருக்குக் கார் சற்று மாறும். இந்த இரு முனைகளை மட்டும் பார்த்துவிட்டுச் சென்சார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் பட்டறைகளில் வழக்கமாக நடக்கிறது. உங்கள் காரின் குறை இந்த இரு முனைகளுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே த்ராட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறந்துகொண்டே, முதல் கால் பங்கில் வோல்டேஜ் தடையின்றி ஏறுகிறதா என்று கவனியுங்கள். இதற்கு முள் மீட்டர் கிடைத்தால் நல்லது; டிஜிட்டல் மீட்டரின் எண் மாறுவதற்குள் முடிந்துவிடும் சிறு வீழ்ச்சியில்கூட முள் துடித்துக் காட்டிவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை அளந்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரை மெல்லத் தட்டியும், ஒயரை அசைத்தும் பாருங்கள். தட்டும்போது முள் குதித்தால் சென்சாரை மாற்றுங்கள். ஒயரை அசைக்கும்போது குதித்தால் கனெக்டரைச் சரிசெய்யுங்கள். முழுவதும் மிதித்தும் 4 வோல்ட்டை எட்டவில்லை என்றால், கேபிள் தொய்வையும், பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் கால்மிதியையும் முதலில் பாருங்கள்.

செக் லைட் எரியாதது சென்சாருக்கு நற்சான்று ஆகாது. சிக்னல் மிகத் தாழ்ந்தால் பி0122, மிக உயர்ந்தால் பி0123 என்று பிழைக் குறியீடு (கோடு) இசிஎம்மில் பதிவாகும். கண நேர வீழ்ச்சி பதிவாகாமலே போகலாம். கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதியும் பொதுமுறையான ஓபிடி-2 இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்துதான் கட்டாயம் என்பதால், கடையில் விற்கும் பொது ஸ்கேனர் உங்கள் காருடன் பேசாமல் போகவும் வாய்ப்புண்டு.

சாலைச் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைவதைப் பற்றி ஒன்று. ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகத்தை, ஏற்றுவதற்காக யாராவது த்ராட்டில் மூடி நிற்கும் இடத்தை வரம்பிடும் ஸ்டாப் திருகைத் திருப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதைத் திருப்பினால் மூடிய நிலையின் வோல்டேஜும் கூடிவிடும். த்ராட்டில் மூடியிருப்பதை இசிஎம் உணராமல், ஐடிலிங்கைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரத் தவறும். சென்சார் சரியாக இருந்தும் வண்டி அணைகிறது என்றால், ஐடிலிங்கின்போது காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வையும், வேக்கம் ஹோஸ்கள் எனும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்றும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: என் கார் 2016-ஆம் ஆண்டு மாடல். பிக்கப் திடீரென்று குறைந்து, பி2135 என்ற கோடு வந்தது. சென்சார் மட்டும் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது உண்மையா?
– வாசகர், குளித்தலை

பதில்: பெரும்பாலும் உண்மைதான். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலில் சென்சார் உள்ளேயே அடங்கியிருக்கும், பல நிறுவனங்கள் அதைத் தனியாக விற்பதில்லை. ஆனால் பி2135 என்பது உள்ளே இருக்கும் இரண்டு சென்சார்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. கனெக்டர் ஊசி துருப்பிடித்திருந்தாலும், எர்த் தளர்ந்திருந்தாலும் இதே கோடு வரும். பணம் கொடுப்பதற்கு முன் அவற்றைச் சோதித்துத் தரச் சொல்வது உங்கள் உரிமை. கோடு பி2138 ஆக இருந்தால் கோளாறு ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரின் பக்கம். த்ராட்டில் பாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதை மாற்றினாலும், த்ராட்டில் நிலையைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தார்களா என்று கேளுங்கள். பல கார்களில் அதைச் செய்யாவிட்டால் ஐடிலிங் தாறுமாறாக இருக்கும். சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள். மோட்டார் விரலை நசுக்கிவிடும்.

கேள்வி: சென்சாரைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கூடாது. அது உள்ளே புகுந்தால் கரித்தடத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். கனெக்டர் ஊசிகளில் மட்டும் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். தேய்ந்த தடத்துக்கு மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.