மைதானம் பூட்டிக் கிடக்கும்போது என்ன பேஸ்போல் கதை? தொப்பி வாங்கி வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கிளிநொச்சியிலிருந்து வந்து மூன்று மாதம். மிசிசாகாவில் வெயர்ஹவுஸ் வேலை. கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய, ‘என்’, ‘வை’ எழுத்துகள் பின்னிய கறுப்புத் தொப்பியோடு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். சுப்பவைசர் அதைக் கழற்றச் சொன்னார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இது துவேசமா, பகிடியா? வெளியே பனி கொட்டுகிற மாதத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க ஏன் பேஸ்போல் கதைக்கிறார்கள்? அந்தக் கதையில் நீங்கள் எப்படிச் சேர்வது?

முக்கால்வாசி பகிடி. மிச்சக் கால்வாசி உண்மையான கோபம், ஆனால் அது உங்கள் மேல் இல்லை, தொப்பி மேல். அது நியூயோர்க் யாங்கீஸ் தொப்பி. எங்கட பக்கம் அதைப் பேஸ்போல் என்று நினைத்து யார் வாங்குகிறார்கள்? ராப் பாடுகிறவன் போட்டிருப்பான், நாங்களும் போடுவோம். ரொறன்ரோவில் அதைப் போட்டால் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எங்கள் பேஸ்போல் அணி ரொறன்ரோ புளூ ஜேஸ் இருப்பது அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவில். கூட இருப்பவை யாங்கீஸ், பொஸ்டன் ரெட் சொக்ஸ், பால்ற்றிமோர் ஓரியோல்ஸ், ராம்பா பே ரேய்ஸ். வருடா வருடம் இவர்களோடுதான் திரும்பத் திரும்ப மோதல். ரொஜர் கிளெமென்ஸ் என்று ஒரு எறிபவர், கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் மாதிரி. 1997இலும் 1998இலும் ரொறன்ரோவுக்கு எறிந்து, இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த எறிபவருக்கான சை யங் விருது வாங்கியவர். 1999 பெப்ரவரியில் யாங்கீஸுக்கு மாறிப் போனார். அந்த வருடமும் அடுத்த வருடமும் வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரின் கிண்ணம் யாங்கீஸுக்கு. பொஸ்டன்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், 2012 ஒக்டோபரில் எங்கள் அணியின் மானேஜர் ஜோன் ஃபரெலையே கொண்டுபோனார்கள். 2013இல் அவர் அங்கே கிண்ணம் தூக்கினார், நாங்கள் பிரிவில் கடைசி. இந்தக் கணக்குகளை இங்கத்தைய சனம் மறப்பதில்லை. உங்கள் சுப்பவைசருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால் கிளெமென்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

போன வருடம் அதற்கெல்லாம் கொஞ்சம் மருந்து கிடைத்தது. 2025இல் எங்களுக்கும் யாங்கீஸுக்கும் சரியாக 94 வெற்றி. நேருக்கு நேர் விளையாடிய ஆட்டங்களில் நாங்கள் கூட வென்றிருந்ததால் பிரிவில் முதலிடம் எங்களுக்கு. ஒக்டோபரில் திரும்பவும் சந்தித்து 3-1 என்று அனுப்பிவைத்தோம். யாங்கீஸுக்குச் செத்தாலும் விளையாட மாட்டேன் என்று முன்பு சொன்ன எங்கள் விளாடிமிர் குரேரோ ஜூனியர் அந்தத் தொடரில் ஒரு கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அதாவது மூன்று தளத்திலும் ஆள் நிற்க ஹோம் ரன் (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி), ஒரே அடியில் நாலு ஓட்டம்.

இனிக் குளிர்காலக் கதைக்கு வருவோம். சீசன் நவம்பர் தொடக்கத்தில் முடியும். பெப்ரவரி நடுப்பகுதியில் புளோரிடாவில் டனீடின் என்ற ஊரில் பயிற்சி தொடங்கும். இடையில் ஒரு பந்தும் விழாது. ஆனால் யார் வருகிறான், யார் போகிறான் என்பது முழுக்க அந்த இடைவெளியில்தான் முடிவாகும். நீங்கள் ஐ.பி.எல். ஏலம் பார்த்திருப்பீர்கள். அங்கே முதலாளிமார் கை தூக்குவார்கள், விளையாட்டுக்காரன் எங்கே போவது என்று அவன் முடிவெடுப்பதில்லை. இங்கே ஆறு வருடச் சேவை முடிந்தால் ஆள் சுயாதீனம். எந்த ஊர் வேண்டும் என்று அவனே தெரிவான். மொத்தச் சம்பளத்துக்கு இறுக்கமான உச்ச வரம்பும் கிடையாது. ஒரு எல்லையைத் தாண்டினால் அணி வரி கட்டவேண்டும், அவ்வளவுதான். 2026க்கு அந்த எல்லை 244 மில்லியன் அமெரிக்க டொலர். காசுள்ளவன் வரியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

ஆகவே குளிர்காலத்தில் இந்த ஊர் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: எங்களிடம் யாராவது வருவார்களா? முப்பது அணிகளில் கனடாவில் இருப்பது இது ஒன்றுதான். மொன்ட்ரியல் அணி 2005இலேயே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. குளிர், எல்லை, வரி என்று ஒவ்வொரு பெரிய ஆளும் ஏதோ காரணம் சொல்லி வேறு பக்கம் போவதைப் பார்த்துப் பார்த்து இங்கத்தைய ரசிகருக்கு ஒரு காயம் உண்டு. அந்தக் காயம்தான் உங்கள் சாப்பாட்டு அறையில் கேட்கிற கதை.

2023 டிசம்பர் 8ஐச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை. அடிக்கவும் எறியவும் தெரிந்த ஜப்பான்காரர் ஷோஹேய் ஒஹ்தானி எந்த அணிக்குப் போவார் என்று உலகமே பார்த்திருந்த நேரம். கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனியார் ஜெட் ரொறன்ரோவுக்குக் கிளம்பியிருக்கிறது, அதில் அவர் இருக்கிறார் என்று செய்தி. எங்கள் வேலையிடத்தில் ஒருவரும் வேலை செய்யவில்லை. மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் ஒரு கயானாக்காரர் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வரைபடத்தில் மஞ்சள் விமானம் ஒன்று மெல்ல மெல்ல நகருகிறது. பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத பிலிப்பீன்ஸ் அக்கா ஒருவரும் சோற்றுப் பெட்டியோடு நின்று பார்க்கிறார். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியது. கதவு திறந்தது. இறங்கியவர் ரிவியில் வருகிற தொழிலதிபர் ரொபேர்ட் ஹேர்ஜவெக், பிள்ளைகளோடு! அடுத்த நாள் ஒஹ்தானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுக்குப் போவதாக அறிவித்தார். 10 வருடம், 700 மில்லியன். அதில் 680 மில்லியனைப் பிற்பாடு வாங்குவதாக ஒப்பந்தம், சீட்டில் கடைசிக் கழிவு வரை காத்திருக்கிற ஆள் மாதிரி. விளையாடுகிற காலத்தில் வருடத்துக்கு 2 மில்லியன்தான் கை வரும்.

அத்தோடு நிற்கவில்லை. 2025 ஜனவரியில் ரோக்கி சசாக்கி என்ற இன்னொரு ஜப்பானிய எறிபவருக்கு வலை வீசினோம். வெளிநாட்டு இளம் வீரருக்குக் கொடுக்க ஒவ்வொரு அணிக்கும் அளவான பணம்தான் உண்டு. அதைக் கூட்டிக்கொள்ளக் கிளீவ்லாந்திடமிருந்து 2 மில்லியன் ஒதுக்கீடு வாங்கினோம். கூடவே மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற வீரரையும் அவருடைய சம்பளப் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருந்தது. அதே நாள் சசாக்கியும் டொட்ஜர்ஸ் என்றார். ஊர் சிரித்தது. அப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஸ்ட்ரோ அந்த வருடம் வெளிமைதானத்தில் ஓடி ஓடிப் பிடித்த பிடிகள் எங்களுக்குப் பெரிய உதவி என்பது வேறு கதை.

ஏப்ரலில் ஒரு நல்லது நடந்தது. குரேரோ 14 வருடம், 500 மில்லியனுக்கு இங்கேயே இருப்பதாகக் கையெழுத்திட்டார். தகப்பன் மொன்ட்ரியலுக்கு விளையாடிய காலத்தில் அங்கே பிறந்த பிள்ளை. காசு கூடியதா குறைந்ததா என்று நான் பார்க்கவில்லை. இருக்கிறேன் என்று ஒருவன் சொன்னானே, அதுவே போதும்.

பிறகு அந்த ஒக்டோபர். 2024இல் பிரிவில் கடைசியாக வந்த அணி வேர்ல்ட் சீரிஸ் போனது, எதிரே அதே டொட்ஜர்ஸ். முதல் ஆட்டத்தில் ஒஹ்தானி அடிக்க வந்தபோது, நீ எங்களுக்குத் தேவையில்லை என்று மைதானமே சேர்ந்து கத்தியது. நவம்பர் 1, ஏழாவது ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் முழங்கால் காயம் முழுக்க ஆறாத எங்கள் போ பிஷெட் ஒஹ்தானியின் பந்தையே மூன்று ஓட்ட ஹோம் ரன் ஆக்கினார். ஒன்பதாவதில் சமன். அதன் கீழ்ப் பாதியில், அதாவது நாங்கள் அடிக்கிற முறையில், மூன்று தளமும் நிறைந்திருக்க, மூன்றாவது தளத்தில் நின்ற எங்கள் ஐசையா கைனர் ஃபலேஃபா ஹோம் தளத்துக்குச் சறுக்கி வந்து மயிரிழையில் அவுட். கொஞ்சம் முன்னே தள்ளி நின்றிருந்தால் கிண்ணம் எங்களுடையது. பதினொராவதில் 5-4 என்று தோற்றோம். அவர் ஏன் தளத்தோடு ஒட்டி நின்றார் என்பது இன்றைக்கும் வாக்குவாதம். சிலர் அவரைத் திட்டுவார்கள், சிலர் அப்படி நிற்கச் சொன்னவர்களைத் திட்டுவார்கள். நீங்கள் அதில் வாய் வைக்க வேண்டாம்.

இப்போது நடக்கிற குளிர்காலம் அதற்குப் பிந்தியது. எறிபவர் டிலன் சீஸ் 7 வருடம், 210 மில்லியனுக்கு வந்தார். ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸிலிருந்து கஸுமா ஒகமோட்டோ 4 வருடம், 60 மில்லியன். அந்த ஹோம் ரன் அடித்த பிஷெட் 3 வருடம், 126 மில்லியனுக்கு நியூயோர்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். எங்களோடும் பேசிக்கொண்டிருந்த கைல் ரக்கர் போனது எங்கே? வேறு எங்கே, டொட்ஜர்ஸுக்கு, 4 வருடம் 240 மில்லியன். பக்கத்து வீட்டுப் பகையாளிகளில் ஓரியோல்ஸ் பீட் அலோன்சோவை 5 வருடம், 155 மில்லியனுக்குப் பிடித்திருக்கிறார்கள், அதைக் கவனிக்க வேண்டும். யாங்கீஸ் தங்கள் வீரர் கோடி பெலிஞ்சரைப் போகவிடாமல் வைத்துக்கொண்டார்கள். ரேய்ஸ்காரர் எப்போதும்போல மலிவாக வாங்கி எங்களுக்குத் தலையிடி தருவார்கள்.

பிஷெட் துரோகி என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குரேரோவும் அவரும் 2019இல் ஒன்றாக மேலே வந்த பெடியள். ஆறு வருடம் உழைத்தான், கூடத் தருகிற இடத்துக்குப் போனான். நாங்களும் கூடச் சம்பளம் கிடைத்தால் அடுத்த வெயர்ஹவுஸுக்குப் போவோம். என் குறை வேறு. அடிக்கிற ஆளைக் காசு கொடுத்து வாங்கலாம், நெருக்கடியில் அடிக்கிற ஆள் வளர்த்தால்தான் வருவான். சீஸ் நல்ல தேர்வுதான், எறிபவர் இல்லாமல் ஒக்டோபர் இல்லை. ஒகமோட்டோ இங்கத்தைய வேகப் பந்தை எப்படிச் சமாளிக்கிறார் என்று மே மாதம் பார்த்துச் சொல்கிறேன்.

குளிர்காலத் தலைப்புச் செய்தியைப் பார்த்து நான் துள்ளுவதில்லை. 2012 நவம்பரில் மயாமியிடமிருந்து ஹோசே ரெயெஸ், மார்க் பேர்லி, ஜோஷ் ஜோன்சன் என்று ஒரு படையையே கொண்டுவந்தோம், அடுத்த மாதம் ஆர்.ஏ. டிக்கி. கிண்ணம் நிச்சயம் என்று ஊர் ஆடியது. 2013இல் 74 வெற்றி, 88 தோல்வி. ஆனால் 1990 டிசம்பரில் ஃபிரெட் மெக்கிரிஃப், ரோனி ஃபெர்னாண்டஸ் இருவரையும் கொடுத்து ரொபேர்ட்டோ அலோமர், ஜோ கார்ட்டர் இருவரையும் வாங்கியபோது பலருக்கு வயிற்றெரிச்சல். அந்த இருவரோடுதான் 1992, 1993 கிண்ணங்கள். 1993இல் கடைசி அடி அடித்ததே கார்ட்டர்தான்.

விதிகளைப் படித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில், பிஷெட்டை விட்டது சரியா என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சாப்பிடலாம், மிச்சத்தை அவர்கள் கதைப்பார்கள். வீட்டுக்கு வரும்போது 590 ஃபான் வானொலியைப் போட்டுவிடுங்கள், ஒரு கிழமையில் பெயர்கள் பிடிபடும், ஆங்கிலக் காதும் பழகும். யாரும் அடுத்த குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், 2026 டிசம்பர் 1ஆம் தேதி விளையாட்டு வீரர் சங்கத்துக்கும் முதலாளிமாருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிகிறது, கதவடைப்பு வருமா என்று கேளுங்கள். சம்பள உச்ச வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று அறை இரண்டாகப் பிரியும். நான் வேண்டும் என்கிற பக்கம். டொட்ஜர்ஸைப் பார்த்தபிறகு வேறு பக்கம் நிற்க என்னால் முடியாது.