ஜப்பானில் வாழும் உஸ்பெக்குகள் ஏன் ஜப்பானியரோடு கலக்காமல் ஒதுங்கியே இருக்கிறார்கள்?

கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கிறது. ரயிலில் நான்கு உஸ்பெக் இளைஞர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். டோக்கியோ மொழிப்பள்ளியில் அவர்களோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே சரக்குக் கிடங்கில் இரவு வேலையும் பார்த்தவன் என்பதால், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மாணவர் விசாவில் வருபவர் பள்ளி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்கலாம். கட்டணம், வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதற்குள்தான். மொழி சரளமாக வராதவரைப் பகலில் கடைக் கல்லாவில் நிறுத்தமாட்டார்கள் என்பதால், பொட்டலம் பிரிக்கும் கிடங்குக்கோ உணவுத் தொழிற்சாலைக்கோ இரவில் போகிறார்கள். அங்கே கூட நிற்பவர்கள் நேபாளிகளும் வியட்நாமியரும். ஊரே உறங்கும் நேரத்தில் யாரோடு கலப்பது?

உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானாவிலிருந்து வந்த என் நண்பர் இடைவேளையில் சோற்றுருண்டைப் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கப் பொடியெழுத்தை விரல் வைத்துப் படிப்பார். முஸ்லிம் என்பதால் பன்றி, சாராயம் இரண்டையும் குறிக்கும் சீன எழுத்துகளைத்தான் அவர் முதலில் கற்றுக்கொண்டார். ஜப்பானிய மொழியைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும் மொழிக்காரர் என்பதால் பேச்சு எங்கள் வகுப்பில் எல்லோரையும்விட அவருக்கு விரைவில் வந்தது. ஆனாலும் வீடு தேடியபோது, தரகர் எங்கள் எதிரிலேயே உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லையாம் என்று மிகப் பணிவாகத் தலைவணங்கினார். இப்படிப் பல இடங்களில் கேட்டபின், ஏற்கெனவே மூன்று உஸ்பெக்குகள் இருந்த அறையில் நான்காவது ஆளாகச் சேர்ந்தார். அதைத்தான் வெளியிலிருப்பவர்கள் ஒதுங்கி வாழ்வது என்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பிடியில் இருந்த ஜப்பானியக் கைதிகளும் சேர்ந்து கட்டிய நவோயி நாடக அரங்கம் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் இருக்கிறது. 1947இல் திறக்கப்பட்ட அது 1966 நிலநடுக்கத்திலும் இடியாமல் நின்றது. நண்பர் அந்தப் பெருமையை எங்கள் மேற்பார்வையாளரிடம் ஆசையாகச் சொன்னார். அவர் "அப்படியா, உஸ்பெகிஸ்தான் ரஷ்யாவுக்குப் பக்கத்திலா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

28 மணி நேர விதியை மீறுபவர்கள் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறார்கள், எல்லா நாட்டவரிலும். அதற்காக விசா நீட்டிப்பை இழந்தவர்களும் உண்டு. எல்லா உஸ்பெக்குகளும் கிடங்கில்தான் இருக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. நகோயா பல்கலைக்கழகம் 2005இல் தாஷ்கண்டில் தொடங்கிய சட்டக் கல்வி மையத்தில் ஜப்பானியச் சட்டத்தை ஜப்பானிய மொழியிலேயே படித்து வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கான 'குறிப்பிட்ட திறன்' வேலை விசாவின் முதல் பிரிவில் வருபவர் பொதுவாக ஐந்தாண்டு வரை இருக்கலாம், மனைவி மக்களை அழைத்துவர முடியாது. என் நண்பர் படிப்பு முடித்து வேறு வகை வேலை விசாவுக்கு மாறிய பிறகே மனைவியையும் மகனையும் வரவழைத்தார். பையன் மழலையர் காப்பகத்தில் சேர்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மாக்கள் அவர் மனைவியிடம் பேசத் தொடங்கினார்கள். நோன்புக் காலத்தில் நண்பரின் மனைவி சுட்ட சம்சா (சமோசா போன்ற உஸ்பெக் பலகாரம்) இப்போது அந்த மாடி முழுவதும் போகிறது.